காலை உணவு போட்டதால்தான் வருகை கூடியதா? எக்கனோமெட்ரிக்ஸ் வகுப்பு கேட்க மறந்த கேள்வி

ஒரு அரசுப் பள்ளியில் காலை உணவு போட ஆரம்பிக்கிறார்கள். சில மாதங்களில் வருகைப் பதிவேட்டில் எண்ணிக்கை கூடுகிறது. "பாத்தீங்களா, திட்டம் ஜெயிச்சிடுச்சு" என்கிறார் ஒருவர். "பரீட்சை நெருங்குதுல்ல, அதான் பசங்க வர்றாங்க" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

டீக்கடையில் தொடங்கி சட்டமன்றம் வரை தினமும் நடக்கும் விவாதம் இது. இதற்கு விடை தேடக் கற்றுக்கொடுக்கும் பாடம் ஒன்று கல்லூரியில் இருக்கிறது. அதன் பெயர் எக்கனோமெட்ரிக்ஸ். தமிழில் பொருளாதார அளவையியல். பொருளியல் மாணவர்கள் பலருக்கு இது கட்டாயப் பாடம். ஆனால் செமஸ்டர் முடிந்து வெளியே வரும்போது பலர் கையில் இருப்பது மனப்பாடம் செய்த சூத்திரங்கள் மட்டுமே. பிரச்னை அங்கேதான்.

இந்தப் பாடம் எங்கிருந்து வந்தது?

இன்று வழங்கும் பொருளில் இந்தச் சொல்லை 1926-ல் பயன்படுத்தியவர் நார்வே பொருளியலாளர் ராக்னர் ஃபிரிஷ். பொருளியல் கோட்பாடு, கணிதம், புள்ளியியல் மூன்றையும் ஒன்றாகக் கட்டுவதுதான் அவரது யோசனை. 1969-ல் பொருளியலுக்கு முதன்முறையாக நோபல் பரிசு கொடுத்தபோது, அதைப் பெற்ற இருவரில் ஒருவர் அவர். இன்னொருவர் நெதர்லாந்தின் யான் டின்பெர்கன்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

முதல் பாடம் ரிக்ரெஷன். ஆயிரம் பேரிடம் எத்தனை வருடம் படித்தீர்கள், எவ்வளவு சம்பளம் என்று கேட்டுப் புள்ளிகளாகக் குறிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புள்ளிகளுக்கு மிகப் பொருத்தமாக ஒரு கோடு போடுவதுதான் ரிக்ரெஷன். ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவரின் சம்பளம் சராசரியாக எவ்வளவு கூடுதல் என்பதைக் கோட்டின் சாய்வு சொல்லும். உதாரணமாக, 8 சதவீதம் என்று வருகிறது.

இனிமேல்தான் உண்மையான பாடம். அந்த 8 சதவீதமும் படிப்பால் வந்ததா? வசதியான வீட்டுப் பிள்ளை கூடுதல் வருடம் படிக்கிறது. அதே வீட்டின் பழக்கவழக்கத்தால் நல்ல வேலையும் கிடைக்கிறது. கணக்கில் குடும்ப வசதி இல்லை என்றால், அதன் பலனையும் சேர்த்துப் படிப்பின் பெயரில் எழுதிவிடும் இந்தக் கோடு. விடுபட்ட காரணியால் வரும் பிழை என்பது இதுதான்.

ஆனால் தேர்வில் வரும் கேள்வி பெரும்பாலும் வேறு. "காஸ்-மார்க்கோவ் தேற்றத்தை நிறுவுக." மாணவர் நிறுவிவிடுவார், மதிப்பெண்ணும் விழும். "சரிப்பா, இந்த 8 சதவீதத்தை நம்பலாமா?" என்று கேட்டால் முழிப்பார்.

'ஹெட்டிரோஸ்கெடாஸ்டிசிட்டி'யும் அப்படித்தான். ஸ்பெல்லிங்கை நெட்டுரு போடவே ஒரு வாரம் ஆகும். விஷயம் என்னவோ எளிது. மாதம் 15,000 ரூபாய் வருமானம் உள்ள வீடுகளின் செலவு கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். 1 லட்சம் வரும் வீடுகளில் ஒருவர் பாதியைச் சேமிப்பார், இன்னொருவர் கார் இ.எம்.ஐ. கட்டியே தீர்ப்பார். வருமானம் ஏற ஏற செலவின் சிதறலும் விரிகிறது. அவ்வளவுதான்.

காரணத்தை எப்படிப் பிடிப்பது?

1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாணம் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரில் இருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாகாணமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் இருவரும் இரண்டு பக்கமும் 410 துரித உணவகங்களை எடுத்துக்கொண்டு, உயர்வுக்கு முன்பும் பின்பும் வேலையாட்கள் எத்தனை என்று பார்த்தார்கள். நியூஜெர்சியில் நடந்த மாற்றத்தில் இருந்து பென்சில்வேனியாவின் மாற்றத்தைக் கழித்தார்கள். சம்பளத்தை ஏற்றினால் வேலை போய்விடும் என்று பயமுறுத்தியது நடந்ததாகத் தெரியவில்லை. 1994-ல் வெளியான இந்த ஆய்வை மறுத்துப் பலர் எழுதினார்கள். விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் வழிமுறை நிலைத்தது. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. பஞ்சாயத்துத் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, எந்த ஊருக்கு ஒதுக்கீடு என்பது தலைவரையோ ஊரையோ பார்த்து முடிவாகவில்லை. அதைப் பயன்படுத்தி ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்லோ இருவரும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஆராய்ந்தார்கள். பெண்கள் தலைமை ஏற்ற பஞ்சாயத்துகளில் குடிநீருக்குக் கூடுதல் முதலீடு நடந்திருந்தது. "பெண் தலைவர் வந்தா என்ன மாறும்?" என்ற கேள்விக்குத் தரவில் இருந்து கிடைத்த பதில் அது.

காலை உணவுக்கு வருவோம்

தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. இடைப்பட்ட காலத்தில் சில பள்ளிகளில் உணவு இருந்தது, பல பள்ளிகளில் இல்லை. இரு பக்கத்து மாற்றத்தையும் கழித்துப் பார்த்தால், பரீட்சை, மழை போன்ற பொதுவான காரணங்கள் அடிபட்டுப் போகும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. முதல் கட்டப் பள்ளிகள் குலுக்கல் போட்டுத் தேர்வானவை அல்ல. கொரோனா மூடலுக்குப் பிறகு வருகை மெல்ல மீண்டுகொண்டிருந்த காலமும் அது. திட்டமே வராமல் இருந்திருந்தாலும் இரண்டு வகைப் பள்ளிகளிலும் வருகை ஒரே வேகத்தில் மீண்டிருக்குமா? அதைக் காட்டினால்தான் கணக்கு நிற்கும். இந்தச் சந்தேகத்தை எழுப்பத் தெரிந்தவர்தான் பாடத்தைப் படித்தவர்.

என்ன மாற வேண்டும்?

கணித நிரூபணம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. "அடிப்படை தெரியாம பட்டனைத் தட்டினா என்ன லாபம்?" என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேள்வி முதலில், தரவு அடுத்து, நிரூபணம் அதன் பிறகு என்று வரிசை மாறினால், எதற்காகப் படிக்கிறோம் என்பது மாணவருக்குப் புரியும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். தரவு, தனிநபர் விவரப் பதிவுகளாகவே இலவசமாகக் கிடைக்கிறது. ஆர், கிரெட்டில் போன்ற மென்பொருள்களுக்குக் காசு கிடையாது. கல்லூரியில் ஏற்கெனவே இருக்கும் கம்ப்யூட்டர் லேப் போதும். தேர்வில் ஒரு ரிக்ரெஷன் அட்டவணையைக் கொடுத்து, "இதை வைத்து எதைச் சொல்லக் கூடாது?" என்று ஒரு கேள்வி கேட்டாலே வகுப்பறை மாறும்.

தமிழ்வழியில் வரும் மாணவர்களுக்குச் சுமை இரட்டிப்பு. பிளஸ் டூ பாடநூலில் இந்தப் பாடத்துக்குத் தமிழில் ஓர் அறிமுகம் இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் கையில் கிடைப்பது கனமான ஆங்கிலப் புத்தகம். கருத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய நேரம் மொழியோடு போகிறது. உள்ளூர் உதாரணங்களோடு நல்ல தமிழ் நூல்களைக் கொண்டுவருவது பல்கலைக்கழகங்களின் கடமை.

டேட்டா வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு இந்தப் பயிற்சி தேவைதான். ஆனால் அதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆட்சியும் தன் திட்டம் ஜெயித்தது என்று ஒரு எண்ணைக் காட்டும். எதிர்க்கட்சி இன்னொரு எண்ணைக் காட்டும். அந்த நேரத்தில், "எதோட ஒப்பிட்டு இதைச் சொல்றீங்க?" என்று கேட்கத் தெரிந்த ஒருவராவது கூட்டத்தில் இருக்க வேண்டும்.