வாசல் வழியே வரட்டும்

நள்ளிரவு. மக்களின் நிலையறிய மதீனத்துத் தெருக்களில் காவல் வலம் வருகின்றார்கள் கலீபா உமர் (ரலி) அவர்கள். ஒரு வீட்டினுள்ளிருந்து தகாத பாட்டொலி கேட்கின்றது. சுவரேறி உள்ளே செல்கின்றார்கள். அங்கே ஒருவன் மதுவும் மங்கையுமாக இருக்கின்றான். கடிந்துரைத்த கலீபாவுக்கு அவன் அளித்த மறுமொழி நம் சிந்தனைக்குரியது. தான் செய்த குற்றம் ஒன்று. கலீபா செய்த குற்றங்களோ மூன்று என்றான் அவன். துருவி ஆராயாதீர் என்பது இறைகட்டளை, துருவினீர்கள். வீடுகளுக்கு அவற்றின் வாசல் வழியே வருக என்பது இறைகட்டளை, சுவரேறி வந்தீர்கள். அனுமதி பெற்று, ஸலாம் உரைத்த பின்னரே பிறர் மனை புகுக என்பது இறைகட்டளை. நீங்கள் இரண்டும் செய்யவில்லை. கலீபா சினக்கவில்லை. மன்னித்தால் திருந்துவாயா எனக் கேட்டார்கள். அவன் ஒப்பினான். வெளியேறிச் சென்றார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் எடுத்துரைக்கும் நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியை நம் மேடைகளில் உமரின் பெருந்தன்மைக்குச் சான்றாகச் சொல்லிக் கேட்டிருக்கின்றோம். ஆனால், அதன் உட்பொருள் அதனினும் ஆழமானது. அந்த வீட்டுக்குள்ளிருந்தவன் நிரபராதி அல்லன், குற்றவாளி. ஐயம் பொய்த்துப் போகவில்லை, மெய்யாகிவிட்டது. அவ்வாறிருந்தும் சுவரேறிய செயல் நியாயமாகிவிடவில்லை! குற்றம் கண்டுபிடிக்கப்பட்டது என்பதனால், கண்டுபிடித்த வழி தூய்மை பெற்றுவிடாது. ஆட்சியாளரின் நல்லெண்ணமும் அவருக்குச் சுவரேறும் உரிமையை அளித்துவிடாது. உமரைவிட நல்லெண்ணம் கொண்ட ஆட்சியாளரை நாம் எங்கே தேடுவது?

இதனை இப்பொழுது நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு நவம்பர் 28 அன்று இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. இந்நாட்டில் விற்பனைக்குத் தயாரிக்கப்படும், அல்லது இறக்குமதியாகும் கைபேசிகள் அனைத்திலும் 'சஞ்சார் சாத்தி' என்னும் அரசுச் செயலி 90 நாட்களுக்குள் முன்கூட்டியே பதியப்பட்டிருக்க வேண்டும். முதன்முதலாகக் கைபேசியை இயக்கும்போதே அது கண்ணில் பட வேண்டும். அதன் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ கூடாது. ஏற்கனவே தயாராகி விற்பனைக்குக் காத்திருக்கும் கருவிகளிலும் மென்பொருள் மேம்படுத்தல் வழியாக அதனைச் சேர்க்க முயல வேண்டும். இதுவே தயாரிப்பாளர்களுக்கு இடப்பட்ட கட்டளை. கைபேசியை விலை கொடுத்து வாங்கும் குடிமகனிடம் ஒரு சொல் கேட்கப்படவில்லை. நாடாளுமன்றத்தில் விவாதமும் இல்லை.

அச்செயலி பயனற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. திருட்டுப்போன கைபேசியை முடக்கவும், நம் பெயரில் நமக்குத் தெரியாமல் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று அறியவும், மோசடி அழைப்புகளைப் பற்றி முறையிடவும் அது உதவுகின்றது. மோசடியும் கற்பனையன்று. காவல்துறை உடையணிந்து காணொளியில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று அச்சுறுத்திப் பணம் பறிக்கும் கூட்டத்தைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் எச்சரிக்க வேண்டியதாயிற்று. வாழ்நாள் சேமிப்பை ஒரே நாளில் பறிகொடுத்த முதியோர் பலர். அவர்களின் கண்ணீரை அறியாதார் போல் நாம் பேசக் கூடாது. பேசவும் மாட்டோம்.

ஆனால், நல்ல மருந்தாயினும் மூக்கைப் பிடித்துப் புகட்டும் உரிமை மருத்துவனுக்கு உண்டா? ஆணை வெளியே தெரிந்ததும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் 2 அன்று, வேண்டாதவர்கள் அச்செயலியை நீக்கிக் கொள்ளலாம் என்றார் துறை அமைச்சர். முடக்கக் கூடாது என்ற ஆணைக்கும், நீக்கலாம் என்ற விளக்கத்திற்கும் இடையே மக்கள் திகைத்து நின்றனர். மறுநாளே, டிசம்பர் 3 அன்று, கட்டாயம் கைவிடப்பட்டது. அதற்கு அரசு சொன்ன காரணம் என்ன? ஏற்கனவே 1.4 கோடிப் பேர் தாமாகவே அதனைப் பதிவிறக்கியுள்ளனர். மக்களின் வரவேற்பு பெருகி வருவதால் கட்டாயம் தேவையில்லை என்பதே! மக்கள் தாமாக ஏற்கும் ஒன்றுக்குக் கட்டாயம் எதற்கு என்றுதானே நாமும் முதலிலேயே கேட்டோம்?

ஆணை திரும்பப் பெறப்பட்டபின் ஏன் இக்கட்டுரை என்று கேட்பீர்கள். ஆணைதான் திரும்பியது, அதனைப் பெற்றெடுத்த எண்ணம் திரும்பவில்லை. நம்மிலே மூத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கே உரிமம் பெற வேண்டியிருந்த காலம் அது. 1933ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இயற்றிய கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி அக்கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஆங்கிலேயர் போன பின்னரும் அது போகவில்லை. சபுராளிகள் மலாயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆசையோடு சுமந்து வந்த பெட்டிக்கு, ஆண்டுதோறும் அஞ்சலகம் சென்று பணம் கட்டி முத்திரை பெற்று வந்தோம். 1980களில்தான் அந்தத் தொல்லை ஒழிந்தது. எனினும், அந்த வானொலிப் பெட்டி பேசியதேயன்றி, நாம் பேசியதைக் கேட்டதில்லை. இன்றைய கைபேசியோ கேட்கும், பார்க்கும், நாம் சென்ற இடமெல்லாம் குறித்து வைக்கும். மனைவியின் மடல், மகளின் படம், வங்கிக் கணக்கு, மருத்துவரின் சீட்டு, ஸக்காத் கொடுத்த இடம், கடன் வாங்கிய இடம் அனைத்தும் அதனுள்ளே. பெயர்தான் கைபேசி, பொருளால் அது வீடு. இன்னும் சொன்னால், வீட்டின் உள்ளறை. அதற்குள் குடிமகனைக் கேளாமல் ஓர் ஆளைக் குடியமர்த்துவதைத்தான் அந்த ஆணை முயன்றது.

'தவறு செய்யாதவனுக்கு அச்சம் எதற்கு?' என்று கேட்பவர்கள் நம் சமுதாயத்திலும் இருக்கின்றனர். அவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். உங்கள் வீட்டு வாசலில் திரை தொங்குகின்றதே, அதன் பின்னே என்ன குற்றம் நடக்கின்றது? ஒன்றுமில்லை. மானமுள்ள மனிதர் வாழ்கின்றனர். ஆகவே திரை தொங்குகின்றது. மறைவு வேறு, குற்றம் வேறு. குற்றவாளிக்கே அந்தத் திரையின் உரிமை உண்டென்பதை மதீனத்து இரவு காட்டியது. குற்றமற்றவனுக்கு அது இல்லை என்று எந்த நாவால் சொல்வது?

நாட்டின் சட்டமும் இதனையே சொல்கின்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே அன்று என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 9 நீதிபதிகள் ஒருமனதாக அவ்வாதத்தைத் தள்ளினர். அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உயிரோடும் சுதந்திரத்தோடும் அந்தரங்கமும் பிணைந்தது என்றனர். அதில் அரசு தலையிட வேண்டுமாயின் சட்டம் ஒன்று இருக்க வேண்டும். நியாயமான நோக்கம் இருக்க வேண்டும். தலையீடு நோக்கத்தின் அளவை மீறாதிருக்க வேண்டும். அதற்கு அடுத்த ஆண்டு, செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பில், கைபேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் ஆதாரோடு பிணைக்க வேண்டுமென்ற கட்டாயம் செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அதற்குள்ளாகவே கடை வாசல்களில் வரிசையில் நின்று விரல்ரேகை வைத்தவர்கள் எண்ணற்றோர். தீர்ப்பு வருமுன் அடி விழுந்துவிடுகின்றது. தழும்பைத் தடவிக் கொடுக்கவே தீர்ப்பு வருகின்றது.

சரி, அரசு அத்துமீறாமல் கண்காணிப்பவர் யார்? தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு வரம்பு வேண்டுமென 1996இல் உச்ச நீதிமன்றம் நெறிகளை வகுத்தது. அதன் வழியே அமைந்த மறுஆய்வுக் குழுவில் மத்தியில் இடம்பெறுவோர் அமைச்சரவைச் செயலாளர், சட்டத்துறைச் செயலாளர், தொலைத்தொடர்புச் செயலாளர் ஆகியோர். ஆணையிடுபவரும் அரசு அலுவலர். அதனை ஆராய்பவரும் அரசு அலுவலர். ஒரு நீதிபதியும் அங்கில்லை. 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, குடிமகனுக்குக் காவல் கிடைத்தது என்று மகிழ்ந்தோம். அச்சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்தபோது மகிழ்ச்சி அடங்கியது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களைக் காட்டி, தான் விரும்பும் அரசு அமைப்புக்கு மத்திய அரசே விலக்களிக்கலாம் என்கின்றது அது. கடைக்காரனுக்குப் பூட்டு, காவற்காரனுக்குத் திறந்த கதவு! அதே சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கைவைத்தது. தனிநபர் பற்றிய தகவலாயினும் பெரும் பொதுநலன் இருப்பின் வெளியிடலாம் என அப்பிரிவில் இருந்த வாசகம் அகற்றப்பட்டது. ஆட்சியாளரைக் குடிமகன் பார்க்கும் சாளரம் சிறுக்க, குடிமகனை ஆட்சியாளர் பார்க்கும் சாளரம் பெருக்கின்றது. இதுவா பாதுகாப்பு?

ஆணையிடுவோர் மக்களின் வாழ்வை அறியாமலே ஆணையிடுகின்றனர் என்பதற்கும் சான்றுண்டு. அதே நவம்பர் 28 அன்று மற்றோர் ஆணையும் பிறந்தது. வாட்ஸ்அப் போன்ற செயலிகள், கணக்குத் தொடங்கிய சிம் அட்டை அந்தக் கைபேசியிலேயே இருந்தால்தான் இயங்க வேண்டும். கணினி வழிப் பயன்பாடு 6 மணி நேரத்துக்குள் தானே துண்டிக்கப்பட வேண்டும் என்றது அது. வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். கைபேசியில் அந்நாட்டு சிம். ஊர் எண்ணின் சிம்மோ பெட்டியில், அல்லது ஊரிலுள்ள தாயாரிடம். ஆனால், உம்மாவும் மனைவியும் மக்களும் அறிந்தது அந்த ஊர் எண்ணைத்தான். மோசடிக்காரனுக்கு வீசிய வலையில் முதலில் சிக்குபவன், மாதச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு மகளின் குரல் கேட்கக் காத்திருக்கும் தொழிலாளி. இவனையும் அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

அரசை மட்டும் குறைகூறிவிட்டு அமைவது நேர்மையாகாது. நம் தரவுகளைப் பேராசையோடு அள்ளும் வணிக நிறுவனங்களுக்குக் கடிவாளமிட அரசு வேண்டும், வலிமையோடு வேண்டும். கடன் தருவதாகச் சொல்லி, கைபேசியிலுள்ள பெயர்களையும் படங்களையும் திருடி, மானத்தை வாங்கி உயிரையும் வாங்கிய செயலிகளை நாடறியும். அவற்றை அடக்குவது அரசின் கடமை. ஆனால், நரியிடமிருந்து காப்பவன், கோழிக்கூண்டின் சாவியைத் தானே வைத்துக் கொள்வேன் என்பது எவ்வாறு பொருந்தும்?

கடைசியாக நமக்கு நாமே ஒன்று சொல்லிக் கொள்ள வேண்டும். துருவி ஆராயாதீர் என்ற 'ஹுஜுராத்' அத்தியாயத்தின் கட்டளை, ஆட்சியாளரை மட்டும் விளித்ததன்று. ஈமான் கொண்டோர் அனைவரையும் விளித்தது. நாம் எப்படி நடக்கின்றோம்? நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த படம், மணமகள் மாமியார் வீடு சேருமுன் ஊர்க் குழுவெங்கும் சேர்ந்துவிடுகின்றது. உதவி கேட்டு வந்த ஏழையின் ஆதார் நகலை, நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் போடுகின்றோம். கைவிளக்குச் செயலி நம் தொடர்பு எண்களையெல்லாம் கேட்டாலும், 'சரி' என்று அழுத்திவிட்டு நகர்கின்றோம். பிறர் கைபேசியை எட்டிப் பார்ப்பதைக் குற்றமென்றே கருதுவதில்லை. அண்டை வீட்டுத் திரையை விலக்கிப் பார்த்துப் பழகியவர்கள், அரசு நம் திரையை விலக்கும்போது எந்தத் தகுதியோடு முறையிடுவது? மேலும், இது முஸ்லிம்களின் குறை மட்டுமன்று. நம் வீட்டுச் சுவரில் ஏணி சாத்தப்படும்போது மட்டும் கூக்குரலிட்டு, அடுத்தவன் வீட்டில் சாத்தப்படும்போது உறங்கினால், அந்த ஏணி நாளை எங்கும் நிற்கும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே. பயனுள்ள செயலியை அரசு செய்யட்டும். அதன் பயனை எடுத்துச் சொல்லட்டும். ஏற்பதும் மறுப்பதும் குடிமகனிடம் இருக்கட்டும். ஒருவன்மீது ஐயமிருந்தால், எழுதிய ஆணையோடு, அரசு அலுவலருக்குக் கீழ்ப்படாத ஒரு நீதிபதியின் ஒப்புதலோடு, குறித்த காலத்துக்கு மட்டும் சோதனையிடட்டும். கோடிக்கணக்கானோரின் கருவியில் ஒரே நாளில் கைவைக்கும் எந்த விதியும், முதலில் நாடாளுமன்றத்தின் முன்னே வைக்கப்பட்டு, மக்களின் கருத்தும் கேட்கப்படட்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இதனை எழுதுவோம். நம் பிள்ளைகளுக்கு, கைபேசி வாங்கித் தரும்போதே, எதற்கு அனுமதி அளிப்பது, எதற்கு மறுப்பது என்பதைக் கற்றுக் கொடுப்போம்.

அரசு நம் வீட்டிற்கு வரக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. வரட்டும். வாசலில் நின்று, ஸலாம் உரைத்து, அனுமதி பெற்று வரட்டும். அன்று மதீனத்தில் சுவரேறி வந்த கலீபா தம் பிழையை ஒப்பி வெளியேறினார்கள். அந்தப் பணிவை நம் ஆட்சியாளருக்கும், அன்று கலீபாவின் முகத்துக்கு நேரே நியாயம் பேசிய அந்தத் துணிவை நமக்கும் வல்ல இறைவன் அருள்வானாக!