பாய் விரிக்க இடம் வேண்டும்

கப்பி வளர்த்துப் பழகியவர்களின் பார்வை அடுத்து திரும்புவது செயில்ஃபின் மோலி பக்கம். இதன் பெரிய ரகம் மெக்ஸிகோவின் யுகட்டான் கடலோரத்தைச் சேர்ந்தது, 15 செ.மீ. வரை வளரும். முட்டையிடாமல் குட்டி போடும் இனம். ஆண் மீனின் முதுகுத் துடுப்பு கப்பல் பாய் போல விரியும். நெரிசலான சின்னத் தொட்டியில் வளர்ந்தால் அந்த அழகு வாய்க்காது; 100 லிட்டராவது வேண்டும். சோப்பு நுரைக்காத போர்வெல் தண்ணீர் இதற்கு உகந்தது.

கவனம்: ஒருமுறை இணைந்த பெண் மீன், ஆண் துணையின்றியே பல மாதங்கள் குட்டி போடும். பெருகிவிட்டதே என்று ஏரி, குளத்தில் விட்டால் உள்ளூர் மீன்களின் இரைக்குப் போட்டி. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது நல்லது.