அறுபதாம் பக்கத்தில் தொடங்கும் புத்தகம்

புத்தகம் எழுதி முடித்து, பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வாசகியா நீங்கள்? பதில் வரும்போது அதில் "அருமை" என்ற சொல் ஒரு தடவையும் "ஆனால்" பத்துத் தடவையும் இருக்கலாம். இந்த வாரம் அந்த "ஆனால்" பற்றித்தான்.

தமிழில் எடிட்டர் என்றால் ஒற்றுப்பிழை பார்ப்பவர் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தோம். வாராவாரம் தொடர்கதை எழுதி நேரே அச்சுக்குக் கொடுத்துப் பழகிய ஊர் இது. அந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முக்கியமானவர் க்ரியா ராமகிருஷ்ணன். 1974-ல் அவர் தொடங்கிய பதிப்பகம் பிற்காலத்தில் திருவான்மியூரில் இருந்தது. இமையத்தின் முதல் நாவலான 'கோவேறு கழுதைகள்' 1994-ல் க்ரியா வெளியீடாகத்தான் வந்தது. கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு எழுத்தாளரோடு விவாதிப்பவர் அவர். தன் வேலைக்கும் சலுகை தரவில்லை. 1992-ல் வெளியிட்ட அகராதியை 2008-ல் திருத்தி விரிவாக்கினார், 2020-ல் மறுபடியும். அந்த ஆண்டு நவம்பரில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது.

எனக்குத் தெரிந்த சேலையூர் தோழி ஒருவர் முடிச்சூரில் தங்கள் குடும்பம் வாழ்ந்த கதையை எழுதினார். எடிட்டரின் கடிதத்தில் முதல் வரியே இடி: "உங்கள் புத்தகம் அறுபதாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது." அறுபதாம் பக்கத்தில் வருவது 2015 டிசம்பர் வெள்ளம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. அதற்கு முந்தைய பக்கங்கள் முழுக்க அவருடைய மாமனார்: மனை வாங்கியது, கிணறு தோண்டியது, கடன் அடைத்தது. "மாமாவை வெட்டச் சொல்றாங்க" என்று அழாத குறை. இறந்துபோன மனிதரைப் பற்றிய எழுத்து என்றால் சும்மாவா?

அமெரிக்காவில் ஹார்ப்பர் லீக்கும் இதே சங்கடம் வந்தது. 1957-ல் அவர் கொடுத்த பிரதியில், வளர்ந்த பெண் ஒருத்தி சொந்த ஊருக்குத் திரும்புகிறாள். அதில் சிறுவயது நினைவுகளாக வரும் பகுதிகள்தான் உயிரோடு இருக்கின்றன என்று கண்டுகொண்டார் எடிட்டர் டே ஹோஹாஃப். இரண்டு வருஷத்துக்கு மேல் மாற்றி மாற்றி எழுதினார் லீ. 1960-ல் வந்தது 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. பழைய பிரதியும் 2015-ல் தனிப் புத்தகமாக வந்தது. இரண்டையும் படித்தால் அந்த இரண்டு வருஷத்தின் மதிப்பு புரியும்.

தோழி ஒரு வாரம் கடிதத்தைத் தொடவில்லை. நல்ல காரியம். கோபத்தோடு திருத்தினால் கமா, புள்ளியில்தான் கை போகும். நாளை தூக்கப்போகும் அத்தியாயத்துக்கு இன்று ஒற்று போட்டு என்ன லாபம்? பிறகு தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் வேலைக்குப் போகவர, அச்செடுத்த தாள்களை மடியில் வைத்துப் படித்தார். பல்லாவரம் தாண்டுவதற்குள் தூக்கம் வரும் பக்கங்களுக்கெல்லாம் பென்சிலில் ஒரு கோடு. கோடுகள் பெரும்பாலும் எடிட்டர் காட்டிய இடத்திலேயே விழுந்தன.

ஆனால் மருந்தை அவரே தேடிக்கொண்டார். மாமனாரை வெட்டவில்லை, வெள்ளத்துக்குள் கொண்டுவந்தார். வீட்டுக்குள் தண்ணீர் ஏற ஏற, பரணில் இருந்து இறங்கும் தகரப்பெட்டியில் மனைப் பத்திரம். அங்கே கிணறும் கடனும் நாலு பக்கத்தில் வந்துவிட்டன. எடிட்டர்கள் வலிக்கும் இடத்தைச் சரியாகத் தொடுவார்கள், வைத்தியம் சில சமயம் தப்பிப்போகும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு திருத்தத்தை மட்டும் அவர் ஏற்கவில்லை. மாமியார் பேச்சை எழுத்துத் தமிழாக்கியிருந்தார் எடிட்டர். "எங்க அத்தை இப்படிப் பேசவே மாட்டாங்க" என்று காரணத்தோடு எழுதி அனுப்பினார். எடிட்டரும் மறுபேச்சில்லாமல் பழையபடியே விட்டுவிட்டார். இப்போது மூன்றாவது பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்டிய பக்கங்கள் 'மாமா' என்ற பெயரில் கணினியில் தனிக் கோப்பாகப் பத்திரமாக இருக்கின்றன.