குரைப்பது யார்?

நாய் வளர்ப்பவர்கள் மீது எனக்கு ஒரு வழக்கு உண்டு. நானும் நாய் வளர்ப்பவன்தான். ஆகவே வழக்கின் முதல் பிரதிவாதி நானே என்பதை ஒப்புக்கொண்டுவிட்டே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் பதினாறு வீடுகள். ஐந்தில் நாய்கள் இருக்கின்றன. ஐந்தும் குட்டி ஜாதி; பெரிய நாய்க்கு நம் கூடத்தில் திரும்பிப் படுக்க இடம் ஏது? காலையில் பால் போடுகிறவர் மாடிப்படியில் கால் வைத்தாரோ இல்லையோ, முதல் மாடியில் ஒன்று தொடங்கும். இரண்டாம் மாடி அதற்குப் பதில் சொல்லும். உடனே ஐந்து வீட்டு எஜமானர்களும், “சீ! சும்மா இரு!” என்று கத்துவார்கள். தெருவில் போகிறவனுக்கு ஏதோ பத்து நாய்கள் குரைப்பதாகத் தோன்றும். உள்ளே இருக்கும் நாய்க்கும் அப்படியேதான் தோன்றுகிறது. ‘ஆபத்து பெரியதுதான் போலிருக்கிறது, எஜமானரே குரைக்கிறாரே!’ என்று அது இன்னும் இரண்டு மடங்கு ஊக்கத்தோடு தன் கடமையைச் செய்கிறது.

இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் இரண்டு அபிப்பிராயங்கள்தாம் வரும். ஒன்று, “நாய் என்றால் குரைக்கத்தான் செய்யும், சுபாவம் ஸார், என்ன செய்வது?” மற்றது, “நாலு சாத்து சாத்துங்கள், அடங்கிவிடும்.” முதல் கட்சி சோம்பேறிகளின் கட்சி. இரண்டாவது கோபக்காரர்களின் கட்சி. இரண்டிலும் நான் அங்கத்தினனாக இருந்திருக்கிறேன்.

சுபாவம் என்பது வாஸ்தவம்தான். ஆனால் குட்டி நாயின் குரைப்பு மனிதன் கேட்டு வாங்கிய வரம். காலில்லாத பெஞ்சு மாதிரி நீண்டிருக்கும் டாக்ஸ்ஹவுண்டை ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் எதற்காக உண்டாக்கினார்கள்? பாட்ஜர் என்ற பிராணியின் வளைக்குள் புகுந்து, அதை மடக்கிவைத்துக்கொண்டு குரைப்பதற்காக. மேலே நிற்கிறவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எந்த இடத்தில் மண்வெட்டி போடுவது என்று தெரிந்துகொள்வான். மண்ணுக்கு மேலே கேட்க வேண்டிய குரலைக் கொண்டுவந்து இரண்டு படுக்கையறை வீட்டில் வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொள்கிறோம். நம் ஊரில் சடைநாய் என்றும் பொமரேனியன் என்றும் சொல்லும் ஜாதியின் மூதாதைகளும் ஐரோப்பாவில் காவல் காத்தவைதாம். விக்டோரியா ராணி 1888-ல் பிளாரென்ஸ் போனபோது பொமரேனியன் நாயின் மேல் ஆசைப்பட்டு வாங்கி வந்தார். அதன்பின் சீமையில் சின்ன பொமரேனியனுக்கு மோகம் பிறந்தது. வளர்ப்பவர்கள் வரவரச் சிறிதாக்கினார்கள். உடம்பு சுருங்கிற்று. தொண்டை சுருங்கவில்லை.

சுபாவக் கட்சிக்காரர்கள் சட்டத்தையும் துணைக்கு அழைப்பார்கள். பிராணிகள் நல வாரியம், 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கியதே, அது 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாய் குரைக்கிறது என்ற காரணத்துக்காகக் குடியிருப்புச் சங்கம் அதை வெளியேற்ற முடியாது என்று சொல்லியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் அதே வழிகாட்டுதல், அண்டை அயலாருக்கு உபத்திரவம் இல்லாமல், முக்கியமாக இரவு வேளையில், நாயை அமைதியாக வைத்துக்கொள்ள முயல வேண்டும் என்று வளர்ப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறது. முதல் பாதியைப் பிரதி எடுத்துக் கதவில் ஒட்டியிருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் பாதியை ஒட்டிய வீட்டை இன்னும் பார்க்கவில்லை.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு நேர் கீழே ஒரு நர்ஸ் அம்மாள் குடியிருக்கிறார். வாரத்தில் நாலு நாள் இரவு வேலை. பகலில் தூங்கினால்தான் உண்டு. என் நாய் ஜிம்மி பகலெல்லாம் ஜன்னல் திண்டில் உட்கார்ந்து தெருவைப் பரிபாலனம் செய்துகொண்டிருக்கும். அந்த அம்மாள் ஒரு நாள் மேலே வந்து, “ஸார், நேற்று ராத்திரி தூக்கக் கலக்கத்தில் ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றிக் கொடுக்க இருந்தேன். கடைசி நிமிஷத்தில் சீட்டைப் பார்த்தேன்” என்றார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது.

அன்றே நான் கோபக்காரர்கள் கட்சியில் சேர்ந்தேன். பத்திரிகையைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். குரைத்தால் ஒரு அடி. உறுமினாலும் ஒரு அடி. மூன்று வாரத்தில் ஜிம்மி ஊமையாகிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் அந்தச் சுருட்டிய பத்திரிகையைக் காட்டி உபந்நியாசம் செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளின் ஐந்து வயதுப் பிள்ளை மேலே வந்தான். படுத்திருந்த நாயின் காதைப் பிடித்து இழுத்தான். முன்பானால் ஜிம்மி உறுமியிருக்கும்; பல்லைக் காட்டியிருக்கும்; நானும் பிள்ளையைத் தூக்கியிருப்பேன். அன்று அது ஒரு சத்தமும் எழுப்பவில்லை. சட்டென்று திரும்பிப் பிள்ளையின் கையைக் கடித்தது. ஓடிவந்த தாயார் என்னை ஏறிட்டும் பார்க்காமல், குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவினார். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி. பல தவணையாக ஊசி. ஜிம்மிக்குத் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்தது என்றாலும் ஊசியைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சொல்லவும் கூடாது.

நாய் என்ன குற்றம் செய்தது? கடிப்பதற்கு முன் எச்சரிக்கிற வழக்கத்தை நான் அடித்துப் போக்கிவிட்டேன். கடிப்பதற்கான பயத்தைப் போக்கவில்லை. பயம் அப்படியே இருக்க, மணியை மட்டும் கழற்றி எறிந்தேன்.

இன்றைக்குச் சுருட்டிய பத்திரிகையின் இடத்தில் மின்சாரப் பட்டை வந்திருக்கிறது. குரைத்தால் கழுத்தில் சுள்ளென்று அடிக்குமாம். வீட்டுக்கே வரவழைக்கலாம். வேல்ஸ் நாட்டில் 2010-லேயே இதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். குரல் நாணை அறுப்பதை 1987-ல் ஐரோப்பிய நாடுகளின் உடன்படிக்கை ஒன்று விலக்கிவைத்தது. மூன்றாம் மாடிக் கனவான் ஒருவர் அந்தப் பட்டையை வாங்கிவந்து என்னிடம் காட்டினார். முதலில் தம் கழுத்தில் கட்டிக்கொண்டு பேசிப் பார்க்கச் சொன்னேன். அவர் அதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், நாய்க்கு நாம் என்ன பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். கூரியர்க்காரர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் வேலை முடிந்து போகிறார் என்பது நமக்குத் தெரியும். நாய்க்கோ, தான் குரைத்து விரட்டிய கணக்கில் இன்னொரு வெற்றி. இப்படித் தினம் பத்து வெற்றி பெறுகிற சேனாதிபதி ஏன் ஓய்வு பெற வேண்டும்? அடுத்தது பிஸ்கோத்து. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து குரைக்கிறது. ஐந்து நிமிஷம் பாராதது போல் இருக்கிறோம். அது உரக்கக் குரைக்கிறது. தாங்காமல் ஏழாம் நிமிஷத்தில் ஒன்றைப் போடுகிறோம். ஐந்து நிமிஷம் போதாது, ஏழு நிமிஷம் விடாமல் குரைக்க வேண்டும் என்று அது கற்றுக்கொள்கிறது. நம்மைவிட நல்ல வாத்தியார் அதற்குக் கிடைக்கமாட்டார்.

நான் பிற்பாடு செய்தது இதுதான். முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்டினேன். காதுவலியும் மூட்டுவலியும்கூட நாயைக் குரைக்க வைக்கும். ஜன்னலின் கீழ்ப் பாதிக்குக் காகிதம் ஒட்டினேன். தெரு மறைந்தது, பாதிக் குரைப்பும் மறைந்தது. காலையும் மாலையும் அரைமணி நடை. அதில் அவசரப்படாமல் அது மோந்து பார்க்க விட்டேன். நாய்க்குப் பத்திரிகை படிப்பது அதுதான். பிறகு அழைப்பு மணி. மணி ஓசையைச் செல்போனில் பதிந்து, காதில் விழுந்தும் விழாத அளவுக்கு மெல்ல ஒலிக்க விட்டு, ஒவ்வொரு தடவையும் மூலையில் மடித்துப் போட்ட ஜமுக்காளத்தின் மேல் ஒரு வெந்த கோழித் துணுக்கைப் போட்டேன். (மரக்கறி வீட்டில் பன்னீர் போதும். திராட்சையும் வெங்காயமும் சாக்லேட்டும் கூடாது, நாய்க்கு விஷம்.) சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். குரைத்துவிட்டால் திட்டவில்லை; மணியைக் குறைத்தேன். இரண்டு விநாடி மௌனத்துக்கு ஒரு துணுக்கு, பிறகு ஐந்து விநாடிக்கு, பிறகு அரை நிமிஷத்துக்கு.

கஷ்டமெல்லாம் நாயிடம் இல்லை. என் மனைவி ஒரு விதம், மகன் ஒரு விதம், நான் ஒரு விதம் என்று இருந்த வீட்டை ஒரே விதத்துக்குக் கொண்டுவர இரண்டு மாதம் ஆயிற்று. நாய்க்கு ஆறு வாரம் போதுமாயிருந்தது.

இப்போது மணி அடித்தால் ஜிம்மி இரண்டு குரல் கொடுத்துவிட்டு ஜமுக்காளத்துக்குப் போகிறது. அந்த இரண்டு குரலையும் நான் எடுக்க முயலவில்லை. உறுமினால், “சரிடா, தெரிந்தது” என்று சொல்லி, அதற்குப் பிடிக்காததை நகர்த்திவைக்கிறேன். தீபாவளி இரவில் மட்டும் இதொன்றும் பலிப்பதில்லை. அது பயம், பழக்கத்தால் குரைப்பதல்ல. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு கூடவே உட்கார்ந்திருக்கிறேன். முன்னாலேயே கீழே போய் அந்த அம்மாளிடம், அன்றைக்குத் தூக்கம் கெடும் என்று சொல்லிவிட்டும் வருகிறேன்.