வாடகை வீட்டில் வளர்ப்புப் பிராணிகள்

ஐதராபாத்தின் கச்சிபௌலியில் கணினி நிறுவனங்களின் வேலையை நம்பிக் குடியேறிய குடும்பங்கள் பல. தமிழ்நாட்டிலிருந்து வந்தோரும் அவர்களுள் உளர். வாடகைக்கு வீடு தேடிச் செல்வோரிடம் உரிமையாளர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "நாய், பூனை ஏதேனும் உண்டா?" என்பது. உண்டு என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதங்களுக்கே எழுதப்படுவதால், ஓராண்டு முடியுமுன்பே அக்கேள்வி மீண்டும் எழக்கூடும்.

சட்டம் என்ன சொல்கிறது? விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதற்காக நாடாளுமன்றத்தில் முதலில் குரல் கொடுத்தவர், சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியம், 2015-இல் சில வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை வாக்கினாலும் வளர்ப்பு நாய்களைத் தடை செய்ய இயலாது. மின்தூக்கியில் அவற்றை ஏற்றக்கூடாது என்றும் சொல்ல இயலாது. ஆனால், "பிராணிகள் வளர்க்கலாகாது" என ஒப்பந்தத்தில் எழுதி, குடிவருபவரிடம் உரிமையாளர் கையொப்பம் பெற்றுவிட்டால் நிலைமை வேறு. சொந்த வீட்டினரின் நாய்க்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அடுத்த வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் நாய்க்கு எளிதில் கிடைப்பதில்லை. இது நியாயமன்று.

உரிமையாளரின் அச்சம் பொய்யுமன்று. ஊர்ப்புறத்து வீட்டில் முற்றமும் தொழுவமும் இருந்தன. நாய் வாசலிற் படுத்திருந்தது. அடுக்ககத்தில் வாசல் என்பதே பிறருக்கும் உரிய நடைபாதை. கதவில் நகக்கீறல் விழும். தரையில் நாற்றம் தங்கும். இரவிற் குரைத்தால் மேல்வீட்டார் முறையிடுவர். உரிமையாளர் அதே வீட்டின் கீழ்த்தளத்தில் வாழ்பவராயின் அவர் மறுப்பதில் பொருளுண்டு. எனினும், சுவர் முழுதும் வண்ணக்கோல் கொண்டு கிறுக்கும் குழந்தைகளால் நேரும் சேதம் சிறிதா என்ன? அதற்காகக் குழந்தையுள்ள குடும்பத்துக்கு வீடு இல்லை எனச் சொல்வது முறையன்று. காலி செய்யும்போது சேதத்தைக் கணக்கிட்டு முன்பணத்திற் கழித்துக்கொள்கின்றனர். நாய்க்கும் அதே கணக்குப் போதும்.

பிற நாடுகள் இதனை முன்பே எண்ணிப் பார்த்துள்ளன. வாடகை வீட்டில் வளர்ப்புப் பிராணி கூடாது என்னும் நிபந்தனை செல்லாது எனப் பிரான்சு 1970-இலேயே சட்டம் செய்தது. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய சட்டம், தக்க காரணமின்றி உரிமையாளர் மறுத்தலாகாது என்கிறது. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க நெடுங்காலம் தடை இருந்தது. 2024 செப்டம்பர் முதல் வீட்டுக்கு 2 பூனைகள் வரை உரிமம் பெற்று வளர்க்கலாம்.

தடை விதித்தால் பிராணிகள் இல்லாமற் போய்விடுவதில்லை. சிலர் மறைத்து வளர்க்கின்றனர். மறைத்து வளர்ப்பவரிடம் தடுப்பூசிச் சான்றிதழை எவரும் கேட்க இயலாது. வேறு சிலர் வீடு மாறுகையில் நாயைத் தெருவில் விட்டுச் செல்கின்றனர். நான்கு சுவர்களுக்குள் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடவும் தெரியாது, பிற நாய்களிடமிருந்து தப்பவும் தெரியாது.

வெளிப்படையாக இசைவு தரும் உரிமையாளர் நிபந்தனைகளும் விதிக்கலாம். வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடப்படல் வேண்டும். மாநகராட்சி உரிமம் இருத்தல் வேண்டும். மின்தூக்கியில் வாரின்றி நாயைக் கொண்டுவரலாகாது. கழிவை வளர்ப்பவரே அகற்றல் வேண்டும். இவற்றை ஒப்பந்தத்தில் எழுத அரைப்பக்கம் போதும். நாய் ஓடியாட இடமில்லை என்பாரும் உளர். கச்சிபௌலிக்கு அண்மையிலுள்ள கொண்டாப்பூரில், நாய்களுக்கென்றே ஒரு பூங்காவை ஐதராபாத் பெருநகர மாநகராட்சி 2018-இல் திறந்து வைத்துள்ளது.