கீழாநெல்லியின் வக்கீல்கள்

'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற வாசகத்தை இப்போது எந்த நாட்டு மருந்துக் கடைக்குப் போனாலும் படிக்கலாம். சூரண டப்பாவில் இருக்கிறது. லேகியப் புட்டியில் இருக்கிறது. தைலத்தோடு கொடுக்கிற துண்டுக் காகிதத்திலும் இருக்கிறது. எந்த ஆராய்ச்சி, யார் செய்தது, எத்தனை பேரிடம் செய்தது என்று கேட்டால் மாத்திரம் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். "ஏன் ஸார், நம்ம மருந்து மேலே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்கிறார்.

நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன். நம்பிக்கை இல்லாதவன் டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டானே!

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்ச காலமாகவே கோபம். நாட்டு மருந்தின் மேல் அல்ல. நாட்டு மருந்துக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு புறப்பட்டிருக்கிறவர்களின் மேல். அவர்கள் அதற்குச் செய்கிற அநியாயம் எப்படிப்பட்டது என்பதைக் கீழாநெல்லியின் கதையைக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.

கீழாநெல்லியைத் தெரியாத தமிழர் அபூர்வம். மழை பெய்தால் வரப்பிலும் கொல்லையிலும் தானே முளைக்கிற சின்னஞ்சிறு செடி. இலைகளின் கீழ்ப்புறம் வரிசையாகக் குட்டி நெல்லிக்காய்கள் தொங்கும். அதனால்தான் அந்தப் பெயர். மஞ்சள் காமாலை என்றால் அதை வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, மோரில் கலக்கி, காலையில் வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெய் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும் என்று பத்தியமும் உண்டு. எத்தனை தலைமுறையாக இது நடந்து வருகிறதோ!

காமாலையை உண்டாக்குகிற கிருமிகளில் பொல்லாத ஒன்று 'ஹெபடைடிஸ் பி'. சிலருடைய ரத்தத்தில் அது ஆயுள் முழுவதும் குடியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பல வருஷங்களுக்குப் பிறகு ஈரல் சுருக்கமாகவோ ஈரலில் புற்றாகவோ தலைகாட்டும். சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜனும் அவருடைய சகாக்களும், இப்படிக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு சாராருக்கு உலர்ந்த கீழாநெல்லிப் பொடியை 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். இன்னொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் பொடி. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அப்படி ஆயிற்று. 1988-ல் லண்டன் 'லான்செட்' பத்திரிகை இதை வெளியிட்டது. எழுதியவர்களில் ஒருவர் பரூக் பிளம்பர்க். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து, 1976-ல் நோபல் பரிசு பெற்ற அதே அமெரிக்கர்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். எந்தக் கதை ஜனங்களுக்குப் பிடிக்கும் என்பது ஓரளவு தெரியும். இது முதல் தரமான கதை அல்லவா? வரப்பில் கிடந்த பச்சிலை சீமைப் பத்திரிகையில் ஏறிவிட்டது. நோபல் பரிசு வாங்கியவர் அதற்குப் பக்கத்தில் நிற்கிறார். பாட்டி சொன்னது பலித்துவிட்டது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள் என்றால் ஆச்சரியம் இல்லை. நானும் சொல்லியிருப்பேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. இரண்டாம் பாகத்தை யாரும் சொல்லுவதில்லை.

விஞ்ஞானத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கண்டதை இன்னொருவர் வேறு ஊரில் செய்து பார்ப்பார். அவருக்கும் அதே பலன் கிடைத்தால்தான் அது நிற்கும். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், கிருமி போகவில்லை. அந்தச் செய்தியும் 1990-ல் அதே 'லான்செட்' பத்திரிகையில்தான் வந்தது. நியூஸிலாந்தில் செய்து பார்த்தார்கள். அங்கும் பலன் இல்லை என்று 1994-ல் எழுதினார்கள். கீழாநெல்லி இனத்துச் செடிகளை வைத்து நடந்த 16 சோதனைகளைக் 'காக்ரேன்' அமைப்பைச் சேர்ந்தவர்கள் திரட்டிச் சீர்தூக்கிப் பார்த்துவிட்டு, நீடித்த ஹெபடைடிஸ் பி-க்கு இது வெறும் பொடியைவிட மேல் என்று நம்புவதற்குப் போதிய சான்று இல்லை என்று 2011-ல் சொன்னார்கள்.

இதனால் கீழாநெல்லி உதவாக்கரை என்று ஆகிவிடுமா? ஆகாது. அதன் இனத்திலேயே ஒன்றைப் போல ஒன்றாய்ப் பல செடிகள் இருக்கின்றன. மண் வேறு, பருவம் வேறு, பறித்த விதம் வேறு, உலர்த்திய விதம் வேறு. இதில் எது வித்தியாசம் செய்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. கேட்டு, திரும்பவும் சோதிக்கலாம். ஆனால், 'நிரூபிக்கப்பட்டது' என்று டப்பாவில் அச்சடிக்கிற உரிமை மாத்திரம் இன்றைக்கு யாருக்கும் கிடையாது. 1988-ஐக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, 1990-ஐயும் 1994-ஐயும் பாயின் கீழ் தள்ளுகிறவரை ஆராய்ச்சியை மதிக்கிறவர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் வக்கீல். கட்சிக்காரனுக்கு அனுகூலமான சாட்சியை மட்டும் கூண்டில் ஏற்றுகிறவர்.

எனக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், நல்ல தமிழ்ப் படிப்பு. இந்தப் பேச்சை எடுத்தால் அவருக்கு முகம் சிவந்துவிடும்.

"ஏன் தம்பி, சித்தர்கள் எல்லாம் முட்டாள்களா?" என்று கேட்பார்.

"இல்லை, ஐயா. ஆனால் அவர்கள் நமக்குச் செடியைக் காட்டிவிட்டுப் போனார்கள். நம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போகவில்லையே!"

"என் தம்பிக்கு இந்த இலையால்தானே காமாலை இறங்கியது? நானே அரைத்துக் கொடுத்தேன்!"

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாட்டில் பலம் அதிகம். ஆகையால் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். கெட்ட தண்ணீராலும் கெட்ட ஆகாரத்தாலும் வருகிற 'ஹெபடைடிஸ் ஏ' காமாலை, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். பொல்லாத 'பி' கூட, வயது வந்த பிறகு தொற்றினால், 100-க்குச் சுமார் 95 பேரிடமிருந்து தானாகவே விலகிவிடுகிறது. கீழாநெல்லி கொடுத்தாலும் இறங்கும். வெறும் மோர் கொடுத்தாலும் இறங்கும். தானே இறங்குகிற வெள்ளத்துக்கு எதிரில் நின்று கையைத் தூட்டினால், நாம் தூட்டியதால் இறங்கிற்று என்று தோன்றத்தான் செய்யும். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் வெறும் பொடி சாப்பிட்ட இன்னொரு சாரார் வேண்டியிருக்கிறது.

"இதெல்லாம் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் சூழ்ச்சி" என்பது அவருடைய அடுத்த அஸ்திரம். மருந்துக் கம்பெனிகள் சூழ்ச்சி செய்யாத உத்தமர்கள் என்று நான் சத்தியம் செய்ய வரவில்லை. ஆனால் 1988-ல் கீழாநெல்லியை மெச்சிய கட்டுரையை வெளியிட்டது யார்? அதே வெள்ளைக்காரப் பத்திரிகைதானே? ஆம் என்றபோது அது நியாயஸ்தலம், இல்லை என்றபோது சூழ்ச்சிக் கூடமா?

கடைசியாக ஒன்று சொல்லுவார். அதில் விஷயம் இருக்கிறது. "நம் வைத்தியர் நாடி பார்த்து, வாத பித்த கபம் அறிந்து, ஆளுக்குத் தகுந்தபடி கொடுக்கிறார். எல்லாருக்கும் ஒரே பொடியைக் கொடுத்துச் சோதித்தால் அது நம் வைத்தியமே அல்ல" என்பார். சரி. வைத்தியர் தம் வழக்கப்படியே நாடி பார்க்கட்டும். ஆளுக்கு ஒரு மருந்து எழுதட்டும். எழுதிய பிறகு, பாதிப் பேருக்கு அந்த மருந்தும், மறு பாதிக்கு அதைப் போன்ற வெறும் பொடியும் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கலாம். யாருக்கு எது போயிற்று என்று கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது. சில வாரங்கள் கழித்து எண்ணிப் பார்ப்போம். நாடி சாஸ்திரத்துக்கு இதில் என்ன குறை வந்துவிடும்?

எதிர்க் கட்சியில் இருக்கிறவர்களையும் நான் சும்மா விடப் போவதில்லை. ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு, "இலை தழையெல்லாம் மருந்தா?" என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சர்ப்பகந்தா வேரை நம் நாட்டில் தூக்கத்துக்கும் சித்தப் பிரமைக்கும் கொடுத்து வந்தார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல் அதை ரத்தக் கொதிப்புக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-ல் இங்கிலாந்தின் இருதய வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். 1952-ல் ஸ்விட்ஸர்லாந்தில் அந்த வேரிலிருந்து 'ரிஸர்பைன்' என்ற சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். உலகம் முழுவதும் டாக்டர்கள் அதைச் சீட்டில் எழுதினார்கள். சிலருக்கு அதனால் மனச்சோர்வு உண்டாகிறது என்று பிற்பாடு தெரிவித்தபோது, அளவைக் குறைத்தார்கள். வேறு மருந்துகள் வந்ததும் மாறிக்கொண்டார்கள். வேரை ஏற்றதும் சோதனையால். அதற்கு எல்லை போட்டதும் சோதனையால்.

சீனாவின் து யூயூ அம்மையாரின் கதை இன்னும் பெரியது. மலேரியாவுக்கு மருந்து தேடி, சுமார் 2,000 பழைய குறிப்புகளை அவருடைய குழு புரட்டிற்று. 200 மூலிகைகளிலிருந்து 380-க்கு மேற்பட்ட சாறுகள் எடுத்து எலிகளிடம் பரீட்சை செய்தார்கள். ஒன்று மாற்றி ஒன்று தோற்றது. பிறகு, நாலாம் நூற்றாண்டு நூல் ஒன்றில், குறிப்பிட்ட ஒரு செடியைக் காய்ச்சச் சொல்லாமல், தண்ணீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்ததைக் கவனித்தார். சூடு மருந்தைக் கெடுக்கிறது என்று ஊகித்து, சூடு அதிகம் படாமல் சாறு எடுத்தார். 1971-ல் பலித்தது. 1972-ல் முதலில் தாமே சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் நோயாளிக்குக் கொடுத்தார். 2015-ல் நோபல் பரிசு வந்தது.

நம் மேடைகளில் இந்தப் பரிசைப் பற்றிப் பேசுகிறவர்கள், "பார்த்தீர்களா, பழைய வைத்தியம் ஜயித்தது!" என்கிறார்கள். பரீட்சையில் தோற்ற அத்தனை சாறுகளை அவர் என்ன செய்தார் என்று சொல்லுவதில்லை. தள்ளி வைத்தார், ஐயா! முன்னோர் எழுதியது என்பதற்காக ஒவ்வொன்றையும் 'நிரூபிக்கப்பட்டது' என்று அவர் டப்பாவில் அடைத்திருந்தால், அந்த ஒரு செடி இன்றைக்கும் கூட்டத்தில் தொலைந்துதான் கிடக்கும். தோற்றதைத் தோற்றது என்று சொன்ன வாய்தான், ஜயித்ததை ஜயித்தது என்று சொல்லும்போது உலகம் நம்புகிறது.

நம் ஊரில் நிலைமை என்ன? பழைய நூலில் உள்ளபடி செய்த மருந்துக்கு உரிமம் வாங்க, பலன் தருகிறது என்று சோதித்துக் காட்ட வேண்டியதில்லை. நூலில் இருக்கிறதா, போதும். 2012-லும் 2017-லும் டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீரையும், 2020-ல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீரையும் தெருத் தெருவாக ஊற்றினோம். ஊற்றியது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்த முறை அண்டாவை அடுப்பில் ஏற்றும்போது, எந்தத் தெருவுக்கு முதலில், எந்தத் தெருவுக்குப் பிறகு என்று சீட்டுப் போட்டு எடுங்கள். குடித்த தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல், இன்னும் குடிக்காத தெருவில் எத்தனை பேருக்கு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். கஷாயத்துக்கு ஆகிற செலவில் நோட்டுக்கும் பேனாவுக்கும் என்ன ஆகிவிடப் போகிறது?

"எதற்கு இந்தக் கோபம்? இலை பாட்டுக்கு இலை. சாப்பிட்டுவிட்டுப் போகட்டுமே" என்று சாதுவான வாசகர் கேட்கலாம். இதனால் கஷ்டப்படப் போகிறவர் வாதம் செய்கிற நானும் அல்ல, தலைமை ஆசிரியரும் அல்ல என்பதனால்தான் கோபம். காமாலை என்பது ஒரு வியாதியின் பெயர் அல்ல; பல வியாதிகளின் அடையாளம். பித்தக் குழாயில் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். எலிக் காய்ச்சலிலும் ஆகும். கணையத்தில் புற்று வைத்தாலும் ஆகும். எது என்று பார்க்காமல் மோரில் கலக்கிக் குடித்துக்கொண்டு போக்குகிற ஒரு மாதம் சிலருக்கு உயிரின் விலை.

அதைவிட ஒன்று சொல்லுகிறேன். ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமக்கிற ஒரு பெண் 30 நாள் பொடி சாப்பிடுகிறாள். 'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற டப்பாவை நம்பி, போய்விட்டது என்று நினைக்கிறாள். பிரசவ ஆஸ்பத்திரியில் வாய் திறப்பதில்லை. பிறக்கும்போது தொற்றிக்கொண்ட குழந்தைகளில், தடுப்பு மருந்து இல்லாவிட்டால், பத்தில் ஒன்பதுக்கு அது ஆயுள் குடியாகிவிடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுகிற ஊசி இருக்கிறது. அந்த ஊசிக்கு வழி திறந்தது யார் தெரியுமா? அதே பிளம்பர்க்தான். இலையைப் பரீட்சிக்க வெட்கப்படாத அந்த மனிதர், ஊசியையும் நமக்குத் தந்தார். ஊசி கேட்டு வாங்க வேண்டிய நேரத்தில் தாயின் வாயை அடைத்தது எது? இலை அல்ல, டப்பாவின் மேல் அச்சடித்த பொய்.

இங்கிலீஷ் மருந்தும் அந்தக் கிருமியை அடியோடு ஒழிப்பது அபூர்வந்தான், அடக்கி வைக்கிறது. அதை ஒளிக்காமல் சொல்லித்தான் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். 2018-ல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. கீழாநெல்லிக்காரர்களிடமும் அந்த ஒரு யோக்கியதையைத்தான் எதிர்பார்க்கிறேன். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதட்டும். அந்தச் செடியின் வக்கீல்கள் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டும். வழக்கு இன்னும் முடியவில்லை. மிச்சமுள்ள சாட்சிகளையும் விசாரிக்க வேண்டும்.