ஓடுதளம் இருந்தும் இறங்க முடியாத விமானங்கள்

2015 டிசம்பர் முதல் வாரத்தை நம் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை விமான நிலையத்தின் ஓடுதளத்தில் வெள்ளம் புகுந்து விமானப் போக்குவரத்தே நின்றுபோனது. அப்போது கைகொடுத்தது அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம். 4 கி.மீ. நீளமுள்ள அதன் ஓடுதளத்தில் மீட்புப் படையினரும் நிவாரணப் பொருட்களும் வந்திறங்கினர். சென்னையில் சிக்கித் தவித்த பயணிகள் பலர் அங்கிருந்துதான் ஊர் திரும்பினர். பெரியபாளையத்திலிருந்து திருவள்ளூர் வழியாகப் போனால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் ஓர் ஓடுதளத்தின் அருமையை அன்று நாம் உணர்ந்தோம்.

பெரிய ராணுவ சரக்கு விமானம் என்றால் அதற்கு இவ்வளவு நீளமான ஓடுதளம் கட்டாயம் என்று பலர் நினைக்கிறோம். உண்மை வேறு. நம் விமானப்படையிடம் இருக்கும் 11 சி-17 விமானங்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சுமார் 77 டன் வரை சுமக்கும். முழு எடையோடு மேலெழும்ப ஏறத்தாழ இரண்டரை கி.மீ. ஓடுதளம் வேண்டும். ஆனால் இறங்குவதற்குச் சுமார் 1,060 மீட்டரே போதும். எஞ்சின்களின் காற்றை எதிர்த்திசையில் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடு அதில் உண்டு. பின்பக்கமுள்ள 12 சக்கரங்கள் எடையைப் பரப்பித் தாங்குகின்றன. சரக்கை இறக்கிவிட்டால் எடை குறைந்துவிடும்; குறுகிய ஓடுதளத்திலிருந்தே திரும்பவும் எழும்பலாம். 2016 நவம்பரில் அருணாச்சலப் பிரதேசத்தின் மெச்சுகாவில், மலைகளுக்கு நடுவே வெறும் 4,200 அடி ஓடுதளத்தில் சி-17 இறங்கிக் காட்டியது.

இதை ஏன் விளக்குகிறோம்? 2023 அக்டோபர் 22 அன்று டெல்லி அருகே ஹிண்டன் தளத்திலிருந்து புறப்பட்ட நம் சி-17, பாலஸ்தீன மக்களுக்காக 6.5 டன் மருந்துப் பொருட்களையும் 32 டன் நிவாரணப் பொருட்களையும் கொண்டுசென்றது. அது இறங்கிய இடம் காஸா அல்ல. எகிப்தின் அல் அரீஷ். அங்கிருந்து லாரிகளில் ஏற்றி, ரஃபா எல்லையில் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை.

காஸாவுக்கென்று ஒரு விமான நிலையம் இருந்தது என்பது நம் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. 1998 நவம்பரில் ரஃபா அருகே யாசர் அரஃபாத் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. அதன் ஓடுதளம் 3 கி.மீ. நீளமுள்ளது. சி-17 இறங்கத் தேவையானதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு! 2001 டிசம்பரில் இஸ்ரேல் அதன் ரேடார் நிலையத்தையும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் அழித்தது. 2002 ஜனவரியில் புல்டோசர்களை விட்டு ஓடுதளத்தையே வெட்டிப் பிளந்தது.

விளைவு என்ன? 2024 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் மூன்று சி-130 விமானங்கள் பாராசூட் மூலம் 38,000 உணவுப் பொட்டலங்களை வீசின. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு, ஐம்பது பேருக்கு ஒன்று என்றுகூடத் தேறவில்லை. சில நாட்களில், பாராசூட் விரியாமல் விழுந்த பெட்டிகள் பசியோடு காத்திருந்தவர்களின் உயிரையே பறித்தன.

அனுமதி கிடைத்தால் எதுவும் சாத்தியம் என்பதற்கு வரலாறே சாட்சி. 1973 அக்டோபர் போரில் இஸ்ரேலுக்கு ஆயுதம் கொண்டுசென்ற அமெரிக்க விமானங்களுக்கு ஐரோப்பிய நாடுகள் பல இடம் தர மறுத்தன. போர்ச்சுகல் தன் லாஜஸ் தளத்தைத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான டன் ஆயுதங்கள் போய்ச் சேர்ந்தன. ஆயுதத்துக்குத் திறந்த வழி, ரொட்டிக்கும் மருந்துக்கும் மட்டும் ஏன் அடைபடுகிறது?

அற்பப் பொருளைக்கூடக் கொடுக்காமல் தடுப்போரைக் கண்டிக்கும் அல்மாவூன் அத்தியாயத்தை நாம் தொழுகையில் அடிக்கடி ஓதுகிறோம். துஆவோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. நிவாரணம் அனுப்பிய நம் அரசு, அது தடையின்றிப் போய்ச் சேரும் வழிக்காகவும் குரல் கொடுக்க வேண்டும் என்று நம் மக்கள் பிரதிநிதிகளிடம் ஜனநாயக முறையில் கேட்போம். வெள்ளத்தில் நமக்கு ஓர் ஓடுதளத்தைத் தந்த இறைவன், அந்த மக்களுக்கும் ஒரு வழியைத் திறப்பானாக!